நாலு நொடி

சின்னப்பாலம். மேசைமேல் இரண்டு வால்வு,
உடைந்த படகு வயர்லெஸ்ஸின் அலுமினிய சேசிஸ்,
தீப்பெட்டி அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.
மைக் தருவது மயிரிழை மின்சாரம்;
அதைப் பத்து மடங்கு உயர்த்தி
வால்வின் கிரிட்டில் வைப்பது இதன் வேலை.

முதலில் பழைய ரேடியோவில் கழற்றியதைத்
தலைகீழாய்ப் போட்டுப் பார்த்தேன்.
ஸ்பீக்கரை உதைக்கப் பிறந்தது அது,
கிசுகிசுப்பு கேட்காது.
அடியும் இல்லை, உச்சியும் இல்லை,
தகரக்குழாய்க்குள் ஆள் பேசுகிற மாதிரி.
பிறகு நிக்கல் கோர் வாங்கினேன்.
இரண்டு மாதச் சம்பாத்தியம்.
எமரன்சியிடம் பாதி விலைதான் சொன்னேன்.

ஸ்விட்சைத் தட்டினால் ம்ம்ம்ம்.
முக்கால் அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர்
நொடிக்கு ஐம்பது தடவை
சின்னதின் காதில் ஓதிக்கொண்டிருக்கிறது.
செம்புத் தகடு சுற்றினேன்.
அந்தக் காந்தத்துக்குச் செம்பு ஒரு வலை,
தண்ணீர் பாட்டுக்குப் போகிறது.
பிஸ்கட் டின் கவிழ்த்தேன், கொஞ்சம் அடங்கிற்று.
ஹெட்போன் மாட்டி, சின்னதை மயிரளவு மயிரளவாய்த் திருப்பினேன்.
ஓரிடத்தில் ஹம் முக்கால்வாசி முகம் திருப்பிக்கொண்டது.
கால்வாசி போகவில்லை.

மியூமெட்டல் கூடு தபாலில் வந்தது.
அட்டையில் சிவப்பெழுத்து: கீழே போடாதீர்.
தபால்காரர் காற்றுக்குப் பயந்து சுவருக்கு மேலாக வீசினார்.
அடிபட்ட மியூமெட்டல் வெறும் டப்பா.
மறுபடி உலையில் சுட்டால் குணம் திரும்புமாம்.
பாம்பனில் ஐஸ் கம்பெனி இருக்கிறது. உலை?

சாயங்காலம் எமரன்சி பாசி எடுத்து வந்தாள்,
விரலில் துணிச்சுற்று, தலையில் கடல்.
மைக்கில் ஒன்று இரண்டு சொல்லச் சொன்னால்
எடைதான் சொல்வாள்:
மரிக்கொழுந்து நாலே முக்கால்,
கஞ்சிப்பாசி பதினொண்ணு,
ஏஜென்ட் கழித்தது ஒண்ணரை.

கரண்ட் போனது.

வால்வு இன்னும் சிவந்திருந்தது.
கெப்பாசிட்டரில் மிச்சம் இருந்தது.
ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது.
ஹம் இல்லை.
அவள் முடியிலிருந்து சிமெண்டில் சொட்டிய தண்ணீர்,
முங்கி எழுந்தவளின் இன்னும் ஆறாத மூச்சு,
தூரத்துப் பாலத்தடியில் நீரோட்டம்,
எல்லாம் காதுக்குள் வந்து நின்றன.
பிறகு அவள் குரல், கண்ணாடி மாதிரி:
"அந்த இரும்புக்கட்டி நிஜமா எவ்வளவு?"
'எவ்வளவு' பாதியிலேயே தேய்ந்து,
தூரப் படகுபோல் சிறுத்து, அணைந்தது.

இருட்டில் இருவரும் சும்மா இருந்தோம்.
கரண்ட் வந்தபோது ஹம்மும் வந்தது,
அதன் பின்னால் ஒளிய எனக்கு இடமும்.

மறுநாள் பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கித்
தனிப்பெட்டியில் வைத்து,
ஆறடி கேபிளில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.
தூரம் இரட்டித்தால் காந்தம் எட்டில் ஒன்று.
இது எனக்கு முதலிலேயே தெரியும்.

மைக் முன் நானே உட்கார்ந்தேன்.
ஒன்று, இரண்டு,
பிறகு தொகையை முழுசாய்.
ஹெட்போன் அவள் தலையில்.
பிஸ்கட் டின்னை எடுத்துப் பார்த்தாள்.
"இதைத் திருப்பிக் குடு, அரிசிக்கு வேணும்."