அரைப்பேர்

பூனாகலை ஏழாம் நம்பர் மலையில்
கான் வெட்டிப் போட்ட மண்ணில்
சுண்டுவிரல் நகமளவு செம்பு.

புளி போட்டுத் தேய்த்தேன்.
ஒரு பக்கம் ராசா தலை.
சுற்றி ஓடிய எழுத்து தேய்ந்து
பாதிப் பேர்தான் மிச்சம்.

மறுபக்கம் ஒரு பொம்பளை,
முதுகில் கொழுந்துக்கூடையோடு.

பண்டாரவளை அடகுக்கடைக்காரர்
பூதக்கண்ணாடியில் பார்த்தார்:
கூடையில்லை, றெக்கை.
ரோமாபுரிக் காசு, வெற்றித் தேவதை.
யாரையோ மயிரைப் பிடித்து
இழுத்துப் போகிறாள்.

இழுபடுகிறவனுக்கு
எழுத்தே வெட்டவில்லை.

நேற்று
பதினெட்டுக் கிலோவுக்குப் பதினொன்றுதான்;
செக்ரோலில் எனக்கும்
அரைப்பேர்.

முன்னூறு தரலாம் என்றார்.
ராசாவுக்கா, றெக்கைக்காரிக்கா,
முட்டி போட்டவனுக்கா?

தராசைத் துடைத்தபடி,
எடைக்கு, என்றார்.