முப்பது மீட்டர்

இரண்டாம் மாடி நடைக்கூடத்தில்
நாடா பிடித்து முப்பது மீட்டர் அளந்து
இரு முனையிலும் செம்மஞ்சள் கூம்பு வைத்தாயிற்று.
ஒரு கதிரை. ஒரு நிறுத்தற்கடிகாரம்.
மருதானைப் பக்கத்து யன்னலால்
பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது.

மருதமுத்து, வயது அறுபத்தொன்று.
புறக்கோட்டையில் கைவண்டி.
மாரடைப்பு வந்து பதினோரு கிழமை.
விரலில் கவ்வியை மாட்டினேன்;
திரையில் இரண்டு கோடு, எண் இல்லை.
நகம் மாட்டுக்கொம்பாய்த் தடித்திருந்தது.
ஒவ்வொரு விரலாய்ப் போய்
இடது மோதிர விரலில்தான்
தொண்ணூற்றாறு என்று ஒப்புக்கொண்டது மெஷின்.

"ஆறு நிமிசம். ஏலுமான தூரம் நடவுங்கோ.
ஓடக்கூடாது. களைச்சால் நிற்கலாம்.
நீங்கள் நிற்கலாம், மணிக்கூடு நிற்காது."
"என்னத்த ஏத்திக்கிட்டு?"
"ஒண்டுமில்லை. சும்மா."
"சும்மா நடக்கவா வரச் சொன்னீங்க?"

நடந்தார்.
சும்மா இருக்கத் தெரியாத கைகள்
இடுப்பருகே எதையோ பற்றப் பார்த்தன.
முதல் கூம்பில்தான் கண்டேன்:
எல்லாரும் கூம்பை உரசித் திரும்புவார்கள்.
இவர் சுவர்வரை போய்
அகல வளைத்து வருகிறார்,
பின்னால் ஆறு மூட்டை சீனி
சரிந்துவிடாமல்.

திருப்பத்துக்கு இரண்டு மீட்டர் வீண்.
என் தாளில் ஒரு கீறல், முப்பது மீட்டர்.
வளைவுக்குப் பெட்டி இல்லை.

நிமிடத்துக்கு ஒருமுறை
எனக்கு அனுமதித்த வசனம் ஒன்று,
அச்சடித்தபடி, ஒரே குரலில்:
"நல்லாச் செய்யிறீங்கள். இன்னும் நாலு நிமிசம்."
காலையில் இரண்டு பேருக்கு இதையே சிங்களத்தில் சொன்னேன்.
வேறொன்றும் சொல்லக்கூடாது.
உற்சாகம் கூடினால் தூரம் கூடிவிடுமாம்.

நாலாவது நிமிடம் உதடு வெளிறியது.
சுவரில் கை ஊன்றினார். எண்பத்தொன்பது.
மணிக்கூடு ஓடியது.
அந்நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து
பெட்ஷீட் தள்ளுவண்டி,
ஒரு சில்லு சுற்றாமல், கீச்சிட்டுக்கொண்டு.
தள்ளி வந்த பையன் சமிந்த
அதோடு குறுக்கே இழுபட்டான்.

நான் வாய் திறக்குமுன்
மருதமுத்து கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.
"பார! பார!"
கூடத்துக்கே குரல் கொடுத்து
கெட்ட சில்லை லேசாய்த் தூக்கி
தள்ளினார்,
கூம்பைத் தாண்டி, எக்ஸ்ரே கதவு வரைக்கும்.
முன்சாய்ந்த நெஞ்சுக்குள்
மூச்சு தன் பாட்டுக்குப் போய் வந்தது.
திரும்பிவந்து கதிரையில் இருந்தபோது
மோதிர விரல் சொன்னது: தொண்ணூற்றைந்து.

சோதனை செல்லாது.
அரை மணித்தியாலம் ஆறவிட்டு
மறுபடி நடந்தார், வெறுங்கையோடு, அகல வளைத்து.
இரு தடவை நின்றார்.
இருநூற்று நாற்பத்தெட்டு மீட்டர்.

"மூச்சு வாங்கிறது, பூச்சியத்திலயிருந்து பத்துக்குள்ள
எத்தினை எண்டு சொல்லுவீங்கள்?"
யோசித்தார்.
"வுல்பெண்டால் ஏத்தத்துல பாதி.
பாதியில நின்னா வண்டி பின்னுக்கு இழுக்கும்.
அதனால அங்க நிக்கிறதில்ல."

ஐந்து என்று எழுதினேன்.

குறிப்புகள் என்ற இடத்தில் ஒற்றைக் கோடு மிச்சம்.
'பாரம் இருந்தால் நன்றாக நடக்கிறார்.'
எழுதிப் பார்க்க
யாரோ அவசரத்தில் விட்ட பிழை மாதிரி இருந்தது.
அழிக்கவில்லை.

வாசலில் அடுத்தவர்
குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
"பரவாயில்லை," என்றேன்,
"செருப்போடயே நடக்கலாம்."