பதினோரு நிமிடம்

மேலே அவர்கள் முப்பத்தெட்டுப் பேர்,
தொலைநோக்கியும் கம்பளித் தொப்பியுமாக.
கீழே நான்,
காதடைப்பானும் டீசல் வாடையுமாக.
புன்டா அரினாஸில் கயிறு அவிழ்த்து நான்கு நாளாகிறது.
இதுவரை நான் நேரில் பார்த்த விலங்கு
வடிகட்டியில் சிக்கிய ஒரு நண்டுக்குஞ்சு.

மற்றதெல்லாம் எலியோதோரோ சொல்லித்தான்.
கோப்பை கழுவுகிறவன்,
படியில் தலைகீழாகத் தொங்கிக் கத்துவான்:
"யாஸ்னா, சிறுத்தைச் சீல்!
மிதக்கும் பனிமேல் படுத்துக் கொட்டாவி விடுது!"
நான் எண்ணெய் அழுத்தத்தைப் பார்ப்பேன்.
"யாஸ்னா, கொண்டோர்! ரெண்டு!"
நான் எண்ணெய் அழுத்தத்தைப் பார்ப்பேன்.

இன்று எரிபொருள் ஏட்டில் கையெழுத்து வாங்க
மேலே போனேன்.
திரையில் எங்கள் கப்பல்
வெள்ளை நிறத்துக்குள் நின்றுகொண்டிருந்தது.
கடலின் நீலம்
இரண்டு விரற்கடை பின்னாலேயே முடிந்துவிட்டிருந்தது.
வரைபடத்தின் சொல்படி
நாங்கள் பனியாற்றின் வயிற்றுக்குள் இருந்தோம்,
தலைக்குமேல் அறுபது மீட்டர் உறைந்த நீர்.
சன்னலுக்கு வெளியே அலை.
"பழைய வரைபடம்" என்றார் கேப்டன் ஒவிதியோ,
பேனாவைத் தேடியபடி.
பேனா கிடைத்த பிறகும்
கொஞ்ச நேரம் கையெழுத்துப் போடவில்லை.

"இயந்திரத்தை நிறுத்து. பதினோரு நிமிடம்.
அவர்கள் கேட்கட்டும்."
கட்டிய பணத்தில் அமைதியும் சேர்த்தி.

இறங்கினேன். நிறுத்தினேன். காதடைப்பானைக் கழற்றினேன்.
காதுக்குள் ஓடிய இயந்திரம் அடங்கவே
இரண்டு நிமிடம்.
அப்புறம்
தகடு முழுக்க,
காய்ந்த சட்டியில் உப்புப் பொரிவதுபோல,
உருகும் கட்டிகள் ஒவ்வொன்றாய் வாய் திறந்து
அடைத்து வைத்திருந்த காற்றை விட்டன.
எங்கள் யாருடைய மூச்சும் கலக்காத காற்று.

எங்கோ சுவர் சரிந்திருக்க வேண்டும்.
முப்பத்தெட்டுப் பேரின் "ஓ"
தளத்தின் வழியே சொட்டியது.
கப்பல் ஒருமுறை தோளைக் குலுக்கியது;
குறடு உருண்டு விழுந்தது.
நான் குனியவில்லை.
என் கன்னம் தகட்டில் ஒட்டியிருந்தது.

இரவு, விஸ்கி இல்லாத கோப்பையில்
ஒரு துண்டு கொண்டுவந்தான் எலியோதோரோ.
மேலே அதை மதுவில் மிதக்கவிட்டு
விலை பேசுவதுபோல் வயது பேசினார்களாம்,
ஐந்நூறு, ஆயிரம், இன்னும் மேலே.
எண்ணெய்க் கையால் எடுத்துக்
காதோரம் பிடித்தேன்.
ஒரு சொடுக்கு.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.
"என்ன சொல்லுது?" என்றான்.
நான் வாய் திறப்பதற்குள்
பாதிக்குமேல்
என் சட்டைக் கைக்குள் ஓடிவிட்டிருந்தது.