எடைமேடை

டயருக்கும் வயது உண்டென்று
துரோலாக் கடைத்தெருவில்தான் எனக்குத் தெரியவந்தது.
தவுக்கே லோய் குந்தி உட்கார்ந்து
எச்சில் தொட்ட விரலால்
பக்கச் சுவரைத் துடைத்தார்.
நான்கு எண்கள்.
இரண்டாயிரத்துப் பதினான்கு, எட்டாவது வாரம்.

"பூவெல்லாம் அப்படியே இருக்கு"
அவருடைய தோட்டத் தமிழில் சொன்னார்,
"ஆனா டயர் செத்துப்போச்சு."
பூவுக்கும் பூவுக்கும் நடுவே
குதிகாலில் ஓடுவது போல் வெடிப்பு.
ஓடித் தேய்ந்ததில்லை, அம்மா.
நின்னு காய்ஞ்சது.

நான் தனபாலனைப் பார்த்தேன்.
அவர் சுவரில் ரிம் படங்களைப் பார்த்தார்.

மூன்று தீபாவளிக்கு முன் வாங்கிய வேன்.
நான்கு சக்கரமும் இழுக்கும், உள்ளே கட்டில், அடுப்பு.
எங்கள் போர்ட்டிக்கோவை விட்டு
ரோட்டு வரி கட்டத்தான் வெளியே போகும்.
மீதி நாளெல்லாம்
முறுக்குச் சட்டியும் பழைய மின்விசிறியும்
அதில்தான் பயணம் செய்தன.

அவருக்குச் சேற்று டயர் வேண்டும்.
முதலை வாய் போல் பல் வைத்தது,
கறுப்பு அலாய் ரிம்மோடு,
இரண்டு அளவு பெரிதாக.
ஒன்று அறுநூற்று இருபது வெள்ளி.
நான் மனசுக்குள் நாலால் பெருக்கி
பிறகு ஐந்தால் பெருக்கி
கூட்டுறவுக் கடனை நினைத்துக்கொண்டேன்.

"எங்க போறீங்க?"
தவுக்கே சும்மாதான் கேட்டார்.
"காட்டுக்கு."
"எந்தக் காடு?"

கம்ப்ரசர் கொஞ்ச நேரம் உறுமி அடங்கியது.
செம்பனைக் குலை லோரி ஒன்று
உதிரிப் பழத்தைச் சிந்திக்கொண்டே போனது.
தனபாலன் அந்தப் பழத்தை எண்ணினார் போல.

நான் சொன்னேன்:
தார் ரோடு. அப்புறம் கொஞ்சம் செம்மண்.
அதுக்கு மேலே இறங்கி நடந்துக்குவோம்.

"பாரம் எத்தனை கிலோ?"
அதுவும் தெரியவில்லை.
தெரியாமல் டயர் விற்க மாட்டாராம்.

மறுநாள் எல்லாவற்றையும் ஏற்றினோம்.
அறுபது லிட்டர் தண்ணீர், காஸ் தோம்பு,
மெத்தை, ஐந்து கிலோ அரிசி,
தூண்டில் மூன்று, என் பிரஷர் பார்க்கும் கருவி.
எண்ணெய் ஆலை எடைமேடையில்
இரண்டு லோரிக்கு நடுவே வரிசை பிடித்தோம்.
நேப்பாளக் காவலர் இறங்கச் சொல்லிக் கை காட்டினார்.
தனபாலன் கதவைத் திறந்துவிட்டார்.
உட்காருங்க, என்றேன்,
நாம இல்லாம இது எங்கே போகப் போகுது?

இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.
சீட்டில் 'பொருள்' என்ற இடத்தில்
குலை, உதிரி, உரம் எதுவும் பொருந்தாமல்
கிராணி 'லாயின்-லாயின்' என்று அடித்துத் தந்தார்.

பழைய அளவுதான், கடைசியில்.
சேற்றுக்கும் தாருக்கும் பொதுவான பூ.
ஒன்று தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும்.
ரிம் இரும்பு:
அலாய் அடிபட்டால் உடையும்,
இரும்பு வளைந்தால்
எந்தக் கம்பத்திலும் ஒரு சுத்தியல் இருக்கும்.
கறுப்புச் சாயத்துக்கு நான் சம்மதித்தேன்.
பின்கதவில் தொங்குகிற ஐந்தாவதுக்கு
துணி துவைக்கும் இயந்திரம் இன்னொரு வருடம்
உதறிக்கொண்டு ஓடட்டும்.

முழுக்க இடம் ஒடித்து, முழுக்க வலம் ஒடித்து
எங்கேயும் உரசவில்லை என்றார் தவுக்கே.
புது ரப்பரில் மீசைமுடிகள்.
நான் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்.
"நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு வாங்க,
நட்டு இறுக்கணும்."

கடையிலிருந்து வீடு மூன்று கிலோமீட்டர்.

முச்சந்தியில் வண்டி நின்றது.
இடப்பக்கம் வீடு.
தனபாலன் வலப்பக்க சிக்னலைப் போட்டுவிட்டு
என்னைப் பார்க்காமல் கேட்டார்:
நேத்து ஏத்தின அரிசி,
இன்னும் உள்ளேதானே இருக்கு?