ஒன்பது சதவீதம்

கியூர்பிப்பில் மழை நின்ற நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
இந்த ஊரில்தான் கப்பல் செய்கிறோம்,
முழங்கை நீளத்தில், மூன்று பாய்மரத்தோடு,
ஒரு சொட்டு நீர் படக்கூடாத கப்பல்.

மரத்தில் ஈரம் ஒன்பது சதவீதம்.
பத்தானால் பெட்டியில் வைக்க மாட்டேன்.
அலுமினியத் தாளில் சுற்றி, காற்றை உறிஞ்சி,
மூலைக்கு இரண்டு சிலிக்காப் பொட்டலம்,
ஆணி அடிக்குமுன் ஒரு நீல அட்டை.
ஈரம் தொட்டால் இளஞ்சிவப்பாகும்.
கடல்மேல் முப்பத்தெட்டு நாளும்
என் கைக்கு அதுதான் சாட்சி.
உலர்த்தும் அலமாரியிலும் அப்படியொன்று தொங்கும்.

செவ்வாய் இரவு அந்த அலமாரிக்குள்
வினேஷெனின் பள்ளிக்கூடச் சப்பாத்தை வைத்தேன்.
நான்கு நாளாகக் காயவில்லை.
அதையே போட்டுப் போட்டு
கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாய் ஊறிக்கிடந்தது.
ஒரு ராத்திரிதானே,
கதவைச் சாத்தினேன்.

காலையில் சப்பாத்து காய்ந்திருந்தது.
அட்டை வெட்கப்பட்டிருந்தது.
அடிமரத்தில் பத்தரை.

‘மழை’ என்றேன்.
முதலாளி அர்னாசெலம் ஜன்னலைப் பார்த்தார்.
இந்த ஊரில் அதை யார் மறுக்க முடியும்?

கப்பல் கப்பலைத் தவறவிட்டது.
அடுத்த கண்டெய்னர் பதினாறாம் தேதி.
ஹாம்பர்க்காரருக்குப் போன மன்னிப்புக் கடிதத்திலும்
மழை என்றுதான் இருந்தது.

ஒன்பதுக்கு இறங்கியதும் அடைத்தேன்.
பெட்டிக்கு எட்டுப் பொட்டலம், கணக்குச் சரி.
டப்பாவில் மிஞ்சியதில் இரண்டு
என் பைக்குள்.

இரவில் இப்போது காலுக்கு ஒன்று.
மூன்று மொழியில் ‘தின்னாதே’ என்றிருக்கிறது.
யாருக்கும்மா, சப்பாத்துக்கா? என்கிறான்.