முதல் இரண்டு பந்துகள்

ரோஸெல் டோரோடைப் பற்றி
ஒரு பக்கம் எழுதிக் கொடு என்கிறார் கிளப் செயலாளர்.
பதினெட்டு வருடம், ஆறு தேசங்கள், பதக்கம் இல்லை
என்று தொடங்கி, அடித்துவிட்டேன்.

பெட்டிகளிலிருந்து தொடங்குகிறேன்.
கெர்ன்ஸி விமான நிலையத்தில் அவளுக்கு
பிறர் பெட்டிகளை எடைபோடும் வேலை.
தராசில் ஏறுமுன்பே சொல்லிவிடுவாள்:
"இருபத்து நாலு. ஒரு கோட்டை எடுத்துடுங்க."
அவளே கிளம்பும்போது
நான்கு பந்துகளே ஆறு கிலோவைத் தின்றுவிடும்.
மீதியில் இரண்டு வெள்ளைச் சட்டை,
தட்டையடிக் காலணி, துடைக்கிற துணி.
சம்பளமில்லா விடுப்பு.

நால்வர் அணியில் அவள் லீட்.
ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்:
பாய் விரிப்பவள் அவள்.
மறுமுனையில் நிற்கும் என்னைப் பார்த்துக் கை உயர்த்தி
எவ்வளவு தூரம் என்று கேட்டு
ஜாக்கை உருட்டிவிடுபவள்.
பிறகு முதல் இரண்டு பந்துகள்.
பிறகு ஓரமாய் நின்று
மற்ற பதினான்கும் வந்து
தன்னுடையவற்றை மறைப்பதைப் பார்ப்பவள்.

ஒரு பக்கம் சாய்ந்த பந்துகள் இவை.
வேகம் இருக்கிறவரை நேராய்ப் போகும்,
சோரும்போதுதான் குணம் காட்டும்.
எங்கள் தீவில் புல் ஈரம், கனம்,
தோளால் தள்ளவேண்டும்.
கிறைஸ்ட்சர்ச்சில் புல் கண்ணாடி.
முதல் நாள் எங்கள் மூவர் பந்தும் பள்ளத்தில்.
அவள் காலணியைக் கழற்றினாள்,
வெறும் பாதத்தைப் புல்மேல் கொஞ்சநேரம் வைத்திருந்தாள்,
பிறகு பக்கத்து ஆட்டக்காரர்களின் தடம்வரை அகலம் கொடுத்து விட்டாள்.
எங்கோ போகிறது என்று சிரித்தோம்.
யோசித்து, மனம் மாறி, திரும்பி வந்து
ஜாக்கின் மடியில் உட்கார்ந்தது அது.

வேல்ஸோடு கடைசி ஆட்டம்.
பதினைந்துக்குப் பதினைந்து.
மிச்சமிருந்த ஒரே பந்து என் கையில்.
ஜாக்கருகே நின்று டல்ஸி ஓஜியே கத்தினாள்:
"ரோஸெலோடது நிக்குது! தொடாதே!
பாதியிலேயே விட்டுடு!"

காற்றில் கேட்கவில்லை என்று
பயிற்சியாளரிடம் சொன்னேன்.
பத்திரிகைக்காரனிடமும்.

கேட்டது.
தொடாதே என்பதில் அவள் குரல் உடைந்ததுகூடக் கேட்டது.
ஜெயிக்கிற பந்து
என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்,
அவ்வளவுதான்.

அழகாய்த்தான் வளைந்தது.
அவள் பந்தை இரண்டு சாண் தள்ளிவிட்டு
தானும் அதன் பின்னாலேயே போனது.
எல்லோரும் மறந்துபோயிருந்த வேல்ஸ்காரியின் பந்து ஒன்று
ஜாக்கருகே தனியே இருந்தது.
நாடாவோடு வந்த நடுவர்
அதைப் பிரிக்காமலே திரும்பினார்.

ரோஸெல் நடந்து வந்தாள்.
குனிந்து என் பந்தை எடுத்தாள்.
துணியால் துடைத்தாள், நிதானமாக,
தன்னுடையதைத் துடைப்பதுபோலவே.
"பஸ் ஆறு மணிக்கு" என்று நீட்டினாள்.

ஊர்ப் பத்திரிகையில் என் படம்,
கீழே 'மயிரிழையில்' என்றொரு சொல்.
அடுத்த அணியில் என் பெயர் இருந்தது.
தேர்வுக்குழு அவளுக்குப் போன் செய்தபோது
"வரிசையில ஆள் நிக்கறாங்க, சரி" என்றாளாம்.
சரி என்றது எதற்கு என்று
அவர்களுக்கே குழப்பம்.

இப்போது முழங்கால் மடங்குவதில்லை,
பந்தைக் கவ்வும் நீளக் கோலால் ஆடுகிறாள்.
இன்னும் லீட்தான்.
செயலாளரிடம் இந்தப் பக்கத்தைத் தரமுடியாது.
வேறொன்று எழுதவேண்டும், தேசங்கள் ஆறு என்று.

நேற்று செவ்வாய்க்கிழமை.
கடல்மூட்டம் வேலிவரை வந்திருந்தது.
பாய் விரித்துக் கை உயர்த்தினாள்:
எவ்வளவு தூரம்?
கிட்டே, என்று காட்டினேன்.
ஜாக் என் பாதத்தைக் கடந்து
பள்ளத்தோரம்வரை போய் நின்றது.
கை தவறியதா, தெரியவில்லை.
நிமிர்ந்து பார்ப்பதற்குள்
முதல் பந்தைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.