கோட்டைவாசல் ஏற்றத்தில் ஒரு டக்

புளியரை தாண்டி ரோடு வளையத் தொடங்கியதும்
என் சைக்கிளில் அந்தச் சத்தம்.
டக்.
வலது பெடல் கீழே போகும்போது மட்டும்.
செங்கோட்டைக் கடைத்தெருவில், நாலு பேர் பார்க்கிற இடத்தில்,
நல்ல பிள்ளை.
மேடு கண்டால் டக்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர்.
வளைவுகள் முடிகிற இடத்தில், சோதனைச்சாவடி பக்கம்,
ஷிபுவின் மச்சான் கட்டன்சாயா போடும் தகரக்கடை.
சைக்கிள்களைப் பலாமரத்தில் சாய்த்துவிட்டு
சந்தேகங்களைப் பெஞ்சில் இறக்கி வைப்போம்.

"பெடல்ல கிரீஸ் இல்ல" என்றார் மைதீன் பிச்சை.
மாவு மில் வைத்திருப்பவர்.
எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து.
பூசினோம். டக்.
கிராங்க் போல்ட்டை இறுக்கினோம். டக்.
"சீட்டுக் குழாயாக்கும் சேச்சி" என்றான் ஷிபு.
அதை உருவப் பார்த்தால் அசையவில்லை.
நாலு வருஷத்து வேர்வையும் சாரலும் சேர்ந்து
இரும்புக்கும் அலுமினியத்துக்கும்
கல்யாணம் முடித்து வைத்திருந்தன.

இலஞ்சியில் பாத்திரக்கடைக் கணக்கு எழுதுகிற திரவியக்கனி
அதுவரை பேசாமல் வடை தின்றுகொண்டிருந்தாள்.
"ஒரு டம்ளருக்குள்ள இன்னொரு டம்ளர் மாட்டிக்கிட்டா
வீட்ல என்ன செய்வீங்க மீட்டரக்கா?"

உள்ளே குளிர்ந்த தண்ணீர், வெளியே வெந்நீர்.
இது எனக்கும் தெரியும்.
சமையலறையில் மட்டும்தான் தெரியும் போல.

வெந்நீருக்கு மச்சானின் கெட்டில்.
ஐஸுக்கு, சீட்டுக்காகக் காத்து நின்ற
கொல்லத்து மீன் லாரி.
கிளீனர் பையன் ஒரு கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு
கல்யாண வீட்டுக்கு வருகிறவன் மாதிரி வந்தான்.
குழாய்க்கு ஐஸ், பிரேமுக்குக் கொதிநீர்,
ஆளுக்கொரு பக்கம் திருகல்.
பொக்!
லாரிக்காரர்கள் கைதட்டினார்கள்.
ஒரு வாரம் என் சீட்டில் மத்தி வாசம்.
தெருப்பூனை ஒன்று பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தது.

துடைத்து, கிரீஸ் பூசி (அவருக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்)
மாட்டி, ஏறி மிதித்தேன்.
டக்.

பிறகு கதை வேறு பக்கம் போய்விட்டது.
போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று,
இந்தக் கணவாய் யார் பக்கம்?
பஞ்சர் ஏன் புது டியூபைத் தேடி வருகிறது?
மைதீன் வீட்டில், அணைத்த பிறகும்
பல்பு ஏன் மங்கலாய் முழித்துக்கொண்டிருக்கிறது?
(ஜின் என்கிறாராம் மாமியார்.
சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பான் என்றேன்.
இருபது வருஷமாய் வீடு வீடாய் மீட்டர் பார்க்கிறவள்,
பல ஜின்களை வயரில் பிடித்திருக்கிறேன்.)
செயின் துடைக்கப் பழைய டூத்பிரஷ் நல்லது,
ஆனால் அது பழையதுதான் என்று
முதலில் வீட்டில் கேட்டுக்கொள்வது அதைவிட நல்லது.
இதைச் சொன்ன ஷிபு அதற்குமேல் விளக்கவில்லை.

இறங்கும்போதுதான் திரவியக்கனிக்குத் தோன்றியது:
சைக்கிளை மாற்றிப் பார்ப்போம்.
என் வண்டியில் அவள் திரும்பவும் மேடேறினாள்.
ஒரு சத்தமில்லை. பூப்போல.
அவள் வண்டியில் நான்.

டக்.

நாலு பேரும் என் வலது முழங்காலைப் பார்த்தோம்.
வெகுநேரம் யாரும் பேசவில்லை.
மைதீன் கை மட்டும்
மெல்ல கிரீஸ் டப்பா பக்கம் போனது.

மறுநாள் திங்கட்கிழமை.
பண்பொழி ரோட்டில் ஒரு மாடி வீடு,
மீட்டர் மேலே, படி செங்குத்து.
டக், டக், டக்.
"என்னம்மா சத்தம்?" என்று எட்டிப் பார்த்தாள் வீட்டுக்காரி.
"கால்தான்" என்றேன்.
"அப்படியா, எங்க பிரிட்ஜும்
ராத்திரி ரெண்டு மணிக்கு இதே மாதிரி போடுது.
அது எதனால?"

ரீடிங்கைக் குறித்துக்கொண்டு,
ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.